உன் நோட்டில் 840 அளவுகள் இருக்கின்றன

கேள்வி:

"அக்கா, எனக்கு ஊர் கோத்தகிரி பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் முடித்திருக்கிறேன். இந்தக் கோடையில் சென்னை அம்பத்தூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் போய்வந்தேன். முதல் இரண்டு வாரம் ஓர் அறையில் சும்மா உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறம் லைனில் விட்டார்கள். சிஎன்சி லேத்தில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷினில், வரும் ஓர் இரும்புப் பின்னை, நாளுக்கு ஏழு தடவை, தடவைக்கு ஐந்து பீஸ் எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து ஷீட்டில் எழுத வேண்டும். நான்கு வாரமும் அதே வேலைதான். காலை மீட்டிங்கில் எல்லாரும் இங்கிலீஷில் பேசுவார்கள்; நான் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. வெயில் தாங்காமல் ஒருநாள் மயங்கியே விழுந்துவிட்டேன். ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் அப்பா பச்சைத் தேயிலைப் பணத்திலிருந்துதான் கொடுத்தார். என் தோழி பணம் கட்டி ஆன்லைனிலேயே ஒரு சர்டிஃபிகேட் வாங்கிவிட்டாள். அதில் பெரிய பெரிய சாஃப்ட்வேர் பெயரெல்லாம் இருக்கிறது. நான் நாற்பது பக்கம் ரிப்போர்ட் எழுத வேண்டும். எழுத ஒன்றுமே இல்லை. ஆறு வாரத்தை வீணாக்கிவிட்டேனா? அடுத்த தடவை நானும் பணம் கட்டி வாங்கிவிடட்டுமா? அப்பா 'போதும்மா, இனி மெட்ராஸ் வேண்டாம்' என்கிறார். ஆனால் மலையில் எங்களுக்கு என்ன இன்ஜினியரிங் இருக்கிறது?"

பதில்:

அன்பு மகளே,

உன் கடிதம் நான்கு பக்கம். மற்றவர்களும் படிக்கட்டும் என்று மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். ஆனால் மூன்றாம் பக்கத்தில், அழுகைக்கு நடுவே, நீ போகிற போக்கில் எழுதிய இரண்டு மூன்று வரிகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். "மதியத்துக்கு மேல் அளவு மெல்ல மெல்ல ஏறும். ஆபரேட்டர் அண்ணன் மெஷினில் ஏதோ நம்பரை மாற்றுவார், திரும்ப இறங்கிவிடும். ஒருநாள் என் கையிலிருந்த பீஸை வாங்கி டேபிளில் வைத்து, 'சூடா இருக்கும்மா, ஆறட்டும், அப்புறம் அள' என்றார். எல்லா அளவையும் என் நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன், சும்மா ஒரு பழக்கத்துக்கு."

நான்கு வாரம், வாரம் ஆறு நாள், நாளுக்கு ஏழு தடவை, தடவைக்கு ஐந்து பீஸ். 840 அளவுகள். இருபத்தேழு வருஷம் கோவையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவள் சொல்கிறேன்: இன்டர்ன்ஷிப் முடித்து வருகிற பிள்ளைகளில் நூறில் ஒருவர்கூட இப்படி ஒரு நோட்டோடு வந்து நான் பார்த்ததில்லை. எழுத ஒன்றுமே இல்லை என்கிறாயே, உன் ரிப்போர்ட்டே அந்த நோட்டுதான்.

நீ என்ன செய்தாய் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. அது அவர்கள் தவறு. நான் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தியிலிருந்து குறித்த இடைவெளியில் நாலைந்து பீஸ் எடுத்து அளந்து, அதை வரைபடமாகப் போட்டு, மெஷின் தன் போக்கில் ஓடுகிறதா, புதிதாக ஏதாவது கோளாறு புகுந்திருக்கிறதா என்று பார்க்கும் முறையை 1924-ல் அமெரிக்காவில் வால்ட்டர் ஷூஹார்ட் என்பவர் தொடங்கி வைத்தார். நூறு வருஷம் ஆகியும் உலகமெங்கும் தொழிற்சாலைகள் அதைச் செய்துகொண்டிருக்கின்றன. அளக்கிற பாதி வேலையை நீ முடித்துவிட்டாய். மீதிப் பாதி, வரைவது. அதை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம்.

ஒவ்வொரு தடவை எடுத்த ஐந்து பீஸுக்கும் சராசரி போடு. ஐந்தில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, அந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் எழுது. இப்படி 168 சராசரி, 168 வித்தியாசம் கிடைக்கும். எல்லா வித்தியாசங்களின் சராசரியை எடுத்து 0.577-ஆல் பெருக்கி, மொத்தச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. வித்தியாச வரைபடத்துக்கு மேல் எல்லை வேண்டுமென்றால் அதே எண்ணை 2.114-ஆல் பெருக்கு. ஐந்து ஐந்தாக எடுக்கும்போது இந்த எண்கள்தான். உன் பாடப் புத்தகத்தின் பின்பக்க அட்டவணையிலேயே இருக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பாய். இப்போது அதில் உன் பின் ஓடப்போகிறது.

வரைந்து முடித்ததும் எண்களை மறந்துவிட்டுக் கோட்டை மட்டும் பார். மெல்ல ஏறி, சட்டென்று இறங்கி, திரும்ப ஏறுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் டிப், அதாவது இரும்பைச் சீவுகிற வெட்டுமுனை, தேய்கிறது. வெளிவிட்டத்தைக் கடையும்போது டிப்பின் முனை தேயத் தேய அது இரும்பை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது, குறைவாகச் சீவுகிறது, பின் பருக்கிறது. அண்ணன் மாற்றிய "ஏதோ நம்பர்" ஆஃப்செட். விலகிய தூரத்துக்கு டூலை உள்ளே தள்ளினார், அவ்வளவுதான். டிப் மாற்றிய நேரத்தை எங்காவது குறித்திருந்தால் அதை வரைபடத்தில் ஒரு செங்குத்துக் கோடாகப் போடு. குறிக்கவில்லையென்றாலும் கோடு விழுகிற இடத்தை வைத்து ஊகிக்கலாம். ஆனால் ஊகம் என்று ரிப்போர்ட்டில் சொல்லிவிடு.

இன்னொரு வடிவமும் வரலாம். மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை அரை மணி நேரம் நிறுத்துவார்கள் இல்லையா, அது முடிந்து ஓடுகிற முதல் சில பீஸ்கள் மட்டும் தனியாக நின்றால், அது டிப் இல்லை, சூடு. காலையிலிருந்து ஓடி உடம்பு சூடேறியிருந்த மெஷின், நின்றதும் ஆறுகிறது. ஸ்பிண்டிலும் ஸ்க்ரூவும் மைக்ரான் கணக்கில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுருங்குகின்றன. திரும்பச் சூடேறி நிலைக்கு வரும்வரை அளவு அலைபாயும். காலை ஷிப்டின் முதல் அளவுகளையும் இதே கண்ணோடு பார். இரண்டு காரணமும் சேர்ந்தும் இருக்கலாம். இருந்தால் அதைப் பிரித்துக் காட்டுவதுதான் உன் ரிப்போர்ட்டின் உயிர்.

அப்புறம் அந்த 'ஆறட்டும்மா'. இதை ஒரு தனி அத்தியாயமாகவே எழுதலாம். உன் பின் 25 மில்லிமீட்டர், அனுமதித்த அளவு 24.98 முதல் 25.00 வரை என்று எழுதியிருக்கிறாய். அதாவது மொத்தமே 20 மைக்ரான் இடம். இரும்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். லேத்திலிருந்து வந்த பின், உன் கையிலிருக்கும் மைக்ரோமீட்டரைவிட 20 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடு. கிட்டத்தட்ட 6 மைக்ரான். இருக்கிற 20-ல் 6-ஐச் சூடே தின்றுவிடுகிறது. நல்ல பீஸ் கழிவுப் பெட்டிக்குப் போகலாம். அதைவிட மோசம், சூட்டில் சரியாக அளந்த பீஸ் ஆறியதும் கீழே போய்விடலாம். பீஸும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருந்தால், இரண்டும் இரும்பு என்பதால், பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். அதற்காகத்தான் அண்ணன் டேபிளில் வைத்தார். அவருக்கு அந்தக் கணக்கைப் போடத் தெரியுமோ தெரியாதோ, கணக்கு சொல்வதை அவர் கை செய்தது.

அளவு அறை என்று ஒன்றை அங்கே பார்த்திருப்பாய், ஏசி போட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள். அங்கே 20 டிகிரி வைத்திருப்பார்கள். நீளத்தை 20 டிகிரியில்தான் அளக்க வேண்டும் என்பதே உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 1951-ல் வெளியிட்ட முதல் பரிந்துரை. வைவாவில் 'ஏன் 20?' என்று கேட்டால் இதைச் சொல். கோத்தகிரிக்காரிக்கு 20 டிகிரியை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாசலில் ஸ்வெட்டரைக் கழற்றி வைக்கிற இளம் வெயில் அது. அம்பத்தூரில் அந்த ஒரு வெயிலை உண்டாக்க ஓர் அறையையே கட்டி வைத்திருக்கிறார்கள்.

ரிப்போர்ட் நாற்பது பக்கம் என்றாயே. 24 நாளுக்கு 24 பக்கம்: மேலே அந்த நாளின் அட்டவணை, கீழே வரைபடம். மீதிப் பக்கங்களில் பின் எப்படிச் செய்யப்படுகிறது, எப்படி அளந்தாய், வரைபடத்தில் என்ன தெரிகிறது, உனக்கு எது புரியவில்லை. கம்பெனி வரலாறு அரைப் பக்கம் போதும். ஒன்று கவனம்: வரைபட எண், பாக எண், வாடிக்கையாளர் பெயர் எதையும் போடாதே. அவை கம்பெனியின் சொத்து. அளவுகளைக்கூட '25-லிருந்து எத்தனை மைக்ரான் விலகல்' என்று மட்டும் காட்டு. உன் சூப்பர்வைசருக்கு ஒரு மெயில் போட்டு, இந்த எண்களைக் கல்லூரி ரிப்போர்ட்டில் பயன்படுத்தலாமா என்று கேட்டுக்கொள். வேண்டாம் என்றால் எண்களை விட்டுவிட்டு வரைபடத்தின் வடிவத்தை மட்டும் வைத்து எழுத முடியுமா என்று கேள்.

முதல் இரண்டு வாரம் சும்மா உட்கார வைத்தது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளை வரச் சொல்லிவிட்டு யார் கையிலும் ஒப்படைக்காமல் விடுவது பொறுப்பில்லாத காரியம். எனக்கும் அது நடந்திருக்கிறது. நான் அருவங்காட்டில் பிறந்தவள். 1993 கோடையில் ஒரு பெரிய நகரத்துத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனேன். 'பொம்பளப் பிள்ளைகளை ஷாப் ஃப்ளோரில் விடுவதில்லை' என்று சொல்லி, நான்கு வாரமும் வரைபடப் பிரிவில் ப்ளூபிரிண்ட் அடுக்கச் சொன்னார்கள். அமோனியா வாடை துணியிலெல்லாம் ஏறிவிடும். என்னோடு வந்த பையன்கள் கிரீஸ் பட்ட சட்டையோடு கேன்டீனுக்கு வருவார்கள், எனக்கு அதைப் பார்த்தாலே தொண்டை அடைக்கும்.

வீட்டுக்கு வந்து அழுதபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சரி, அங்க என்ன பாத்தே?" சொல்ல ஆரம்பித்தேன். ஒரே கேஸிங்கின் வரைபடத்தில், ஓரத்தில் திருத்தக் கட்டத்தில், ஒரு துளையின் அளவு மூன்று முறை மாற்றப்பட்டிருந்ததைப் பார்த்திருந்தேன். முதலில் ஒன்று, இரண்டு வருஷம் கழித்து ஒன்று, அப்புறம் இன்னொன்று. "ஏன் மாத்தினாங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அதிலிருந்துதான் அசெம்ப்ளி, தேய்மானம், ஃபிட் எல்லாம் எனக்குத் திறந்தது. இன்றைக்கும் ஒரு வரைபடம் கைக்கு வந்தால் என் கண் முதலில் திருத்தக் கட்டத்துக்குத்தான் போகும். உனக்கோ மெஷின் பக்கத்திலேயே நான்கு வாரம் நிற்கக் கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைக்காதது அது. வீண் என்று மட்டும் சொல்லாதே.

பணம் கட்டி சர்டிஃபிகேட் வாங்குவதைப் பற்றி: வேண்டாம். வேலைக்கு ஆள் எடுக்கும் மேஜையில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய சாஃப்ட்வேர் பெயர் போட்ட காகிதத்தை எடுத்து வைக்கிற பிள்ளையிடம் நான் கேட்பது: "எந்தப் பாகத்தில் வேலை செய்தாய்? அனுமதித்த அளவு என்ன? கழிந்தது எதனால்?" இரண்டாவது கேள்வியிலேயே முகம் வாடிவிடும். அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஏமாற்றியவன் வேறெங்கோ இருக்கிறான். ஒருமுறை கூடலூர்ப் பையன் ஒருவன் நான்கே பக்கத்தில், கையால் வரைந்த ஒரு வரைபடத்தோடு வந்தான். பம்ப் ஷாஃப்ட் ஒன்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். அவனைத்தான் எடுத்தோம். உன் தோழியைக் குறை சொல்லாதே. அவளுக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டு. சாஃப்ட்வேர் கற்றுக்கொள்வது நல்லதுதான். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சிகள் இருக்கின்றன, உன் கல்லூரியில் விசாரி. கற்றுக்கொள்வது வேறு, தொழிற்சாலைக்குப் போகாமலே போய்வந்ததாகக் காகிதம் வாங்குவது வேறு.

இங்கிலீஷ் விஷயம். மீட்டிங்கில் அவர்கள் பேசியது பெரும்பாலும் முப்பது நாற்பது வார்த்தைகளுக்குள்தான் சுற்றியிருக்கும்: ரிஜெக்ஷன், ரீவொர்க், செட்டிங், பிரேக்டவுன், டார்கெட். அடுத்த தடவை அந்த வார்த்தைகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுது. இரண்டாம் வாரம் ஒரே ஒரு கேள்வி கேள், தமிழிலேயே கேள். "நேத்து 3 மணிக்கு மேல அளவு ஏறுச்சு சார், டிப்பா சூடா?" என்று நீ கேட்டிருந்தால், அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் உன் பக்கம் திரும்பியிருப்பார்கள்.

வெயில்: மலைக்காரர்களுக்குக் கத்திரி வெயில் விளையாட்டில்லை. உடம்பு பழக ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடி, உப்புப் போட்ட மோர் குடி, காலைச் சாப்பாட்டை விடாதே. தலை சுற்றினால் சொல்லிவிட்டு உட்கார். வேலை கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதே. மெஷின் பக்கத்தில் மயங்கி விழுவது உயிருக்கே ஆபத்து. தங்குவதற்கு அரசின் தோழி விடுதிகள் சென்னைப் பகுதியில் இருக்கின்றன, முன்கூட்டியே விண்ணப்பித்துப் பார். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்கள் டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது இதற்குள் உனக்கே தெரிந்திருக்கும்.

மலையில் என்ன இன்ஜினியரிங் இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் வலித்தது. 1899-லிருந்து குன்னூருக்குப் பல்சக்கரம் கடித்து ஏறுகிற ரயில், 12 அடிக்கு ஓர் அடி ஏற்றத்தில், நம் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. 1932-லிருந்து பைக்காராவில் தண்ணீர் விழுந்து கரண்ட் வருகிறது, அப்புறம் குந்தா. இதெல்லாம் பெரிய விஷயம், இருக்கட்டும். உன் அப்பா இலை கொடுக்கிற பேக்டரிக்கு நீ எத்தனை முறை போயிருப்பாய்? உள்ளே சிடிசி மெஷினின் ரோலர்களை எப்போதாவது அருகில் போய்ப் பார்த்திருக்கிறாயா?

இரண்டு எஃகு ரோலர்கள், மேலெல்லாம் சிறு பற்கள். ஒன்று மெல்லச் சுற்றும், மற்றொன்று சுமார் பத்து மடங்கு வேகமாக. நடுவில் மாட்டிய இலை நசுங்கி, கிழிந்து, சுருள்கிறது. ஓட ஓட அந்தப் பற்கள் மழுங்கும். மழுங்கினால் இலையை வெட்டாது, பிசையும், சூடு ஏறும், தூளின் தரம் இறங்கும். அதனால் ரோலரைக் கழற்றிப் பட்டறையில் ஏற்றித் திரும்பப் பல் வெட்டித் தீட்டுவார்கள். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் ரோலரின் விட்டம் குறைகிறது, ஜோடியைப் பார்த்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அம்பத்தூரில் உன் பின்னைப் பருக்க வைத்த அதே தேய்மானம்தான், இங்கே தேநீரின் ருசியைக் கெடுக்கிறது. அடுத்த விடுமுறையில் நான்கைந்து நாள் அங்கே நிற்க அனுமதி கேட்கும்படி அப்பாவிடம் சொல். தீட்டுவதற்கு முன்னும் பின்னும் விட்டத்தை அள, எத்தனை மணி நேரம் ஓடியது என்று குறி.

அங்கேயே ஒரு மோட்டாரின் பெயர்ப்பலகையையும் படித்துவிட்டு வா. சாதாரணமாக மோட்டார்களின் திறனைக் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரம் வரைக்குமே கணக்கிட்டிருப்பார்கள். கோத்தகிரி சுமார் 1800. காற்று மெல்லியது, சூட்டை அவ்வளவு சுலபமாக எடுத்துப்போகாது; நம் குளிர் அதை ஓரளவு ஈடுகட்டும். சமவெளியில் வளர்ந்த பிள்ளைக்கு இது புத்தகத்தில் ஒரு வரி. உனக்குக் கையால் தொட்டுப் பார்க்கக் கிடைக்கிறது.

அதற்காகச் சென்னையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னொரு முறை போ. ஒரே கூரைக்குக் கீழ் நூறு மெஷின் ஓடுவதும், அளவு அறையும், ஒரு பீஸ் கழிந்தால் பத்துப் பேர் கூடி நிற்பதும் இங்கே பார்க்கக் கிடைக்காது. ஆனால் இந்தத் தடவை போவதற்கு முன்பே எந்தப் பிரிவு, யார் பொறுப்பு, என்ன வேலை என்று கல்லூரி மூலம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். வாங்காமல் கிளம்பாதே.

அப்பாவிடம் வாயால் வாதாடாதே. அவர் பயப்படுவது மெட்ராஸைப் பார்த்து இல்லை, நீ மயங்கி விழுந்த செய்தியைப் போனில் கேட்டதால். ரிப்போர்ட் முடிந்ததும் அந்த வரைபடத்தை அவர் முன் வைத்து, மதியத்துக்கு மேல் கோடு ஏன் ஏறுகிறது என்று தமிழில் விளக்கு. கவாத்துக் கத்தி மழுங்கினால் செடி என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவருக்கு நிச்சயம் புரியும்.

நன்றிப் பக்கத்தில் எம்.டி., ஜி.எம். பெயர்களுக்கு மேலே அந்த ஆபரேட்டர் அண்ணனின் பெயரை எழுது, அவருக்கு ஒரு பிரதி அனுப்பு. முதல் நாளின் வரைபடத்தைப் போட்டதுமே எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பிவை. மதிய இடைவேளை எத்தனை மணிக்கு என்று ஓரத்தில் குறிக்க மறந்துவிடாதே.